லூபஸ் நோயாளி ஐ.சி.யூ.வில் இருக்கும்போது குடும்பத்தார் அறிய வேண்டியவை

மூட்டு வலி, முடி உதிர்தல், கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்புத் தடிப்பு, விட்டு விட்டு வரும் காய்ச்சல். லூபஸ் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, நம் உறுப்புகளையே எதிரியாக எண்ணித் தாக்குவதுதான் இந்த நோய். இது ஒட்டுவாரொட்டி அல்ல. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களே அதிகம்.

1950களில் இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பத்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஆனால் ஐ.சி.யூ. வரை போய்விட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே சேர்க்கப்பட்ட லூபஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் ஏறத்தாழ பாதிப்பேர் வரை இறந்ததாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றவர்கள் பிழைத்தார்கள் என்பதையும் அதே ஆய்வுகள்தாம் சொல்கின்றன. பிழைப்பதும் இழப்பதும் எதைப் பொறுத்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு செல்பவை இரண்டு

ஒன்று, கிருமித்தொற்று. லூபஸை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கின்றன. அதனால் நிமோனியா, காசநோய், ரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகியவை இவர்களை எளிதில் தாக்குகின்றன.

மற்றொன்று, லூபஸே சீறி எழுவது. நுரையீரலுக்குள் ரத்தம் கசியலாம். சிறுநீரகம் செயலிழக்கலாம். வலிப்பு வரலாம். ரத்தம் உறைந்து குழாய்களை அடைக்கலாம்.

இரண்டிலுமே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். எக்ஸ்ரேயிலும் நுரையீரல் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஆனால் சிகிச்சையோ நேர் எதிரானது. லூபஸ் என்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். கிருமி என்றால் அப்படி அடக்குவது ஆபத்தில் முடியலாம்.

இதைப் பிரித்தறியவே அடுத்தடுத்து ரத்தம் எடுக்கிறார்கள். சி3, சி4 என்ற புரதங்கள் குறைந்து, சிறுநீரில் புரதம் கூடினால் லூபஸ் பக்கம் சந்தேகம் போகும். சி.ஆர்.பி. அளவு மிகவும் உயர்ந்திருந்தால் கிருமியின் பக்கம் போகும். எந்த ஒரு பரிசோதனையும் தனியாக முடிவு சொல்லிவிடாது. சில நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே முடிவுகள் வரும் முன்பே ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவார்கள். "இன்னும் என்ன நோய் என்றே சொல்லவில்லையே" என்று வெளியே காத்திருப்பவர்கள் கோபப்படுவது இயல்பு. அந்தத் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான்.

எத்தனை உறுப்புகள் செயலிழந்திருக்கின்றன, எவ்வளவு சீக்கிரம் கொண்டு வந்தார்கள் என்பவற்றைப் பொறுத்தே பிழைக்கும் வாய்ப்பு பெரிதும் அமைகிறது. இதில் இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

மாத்திரையை மறைப்பதும் நிறுத்துவதும்

லூபஸ் நோயாளிகளுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். முதலில் மலேரியாவுக்காக வந்த மருந்து இது. நோய் அடங்கியிருந்தவர்களில் சிலருக்கு இதை நிறுத்திக் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. அது 1991இல் வெளியானது. நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு, தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட 2.5 மடங்கு இருந்தது.

ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. நீண்ட நாள் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரை நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

நம் வீடுகளில் மாத்திரை ஏன் நிற்கிறது? "முகம் ஊதிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் ஒரு காரணம். நோயை மறைத்து நிக்காஹ் முடித்து, புகுந்த வீட்டில் மாத்திரையை எடுக்கவே முடியாமல் போகும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். மறைத்த நோய் பிறகு ஐ.சி.யூ. வாசலில்தான் வெளிப்படும். கர்ப்பமானதும் பயந்து எல்லா மாத்திரையையும் தூக்கிப்போடுவது இன்னொரு காரணம். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடரவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருவுக்குக் கேடு செய்யும் வேறு சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே அவர்கள் மாற்றித் தருவார்கள்.

ரமளானிலும் இதே கவனம் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மாத்திரை நேரத்தை மாற்றலாமா, நோன்பு வைக்கலாமா என்பதை ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் கூடாது என்றால், அந்தச் சலுகையை ஏற்பதில் எந்தக் குறையும் இல்லை.

கையில் இருக்க வேண்டியவை

சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, எப்போதாவது நிறுத்தியிருந்தால் அந்தத் தேதி, முன்பு வந்த காசநோய், கருச்சிதைவு, சாப்பிட்ட நாட்டு மருந்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளுடன் ஒரு ஃபைலில் வையுங்கள். மருத்துவர் கேட்டால் எதையும் மறைக்க வேண்டாம். தொடர் சிகிச்சைக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இதற்கான சிறப்புத் துறைகள் உள்ளன.

லூபஸ் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து நாள் கடத்தக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். துஆவைப் போகும் வழியிலும் கேட்கலாம்.