இணைய விளையாட்டும் ஆட்ட நேர்மையும்

பாரதக் கதையிற் பந்தயம் வைத்தவன் துரியோதனன், காயுருட்டியவன் சகுனி. தனக்காகப் பிறனொருவனை ஆடவிடும் வழக்கம் அத்துணைப் பழமையானது. ஆயினும், எதிரில் இருப்பவன் சகுனி என்பதைத் தருமன் கண்ணாற் கண்டான். இக்காலத்து இணைய விளையாட்டிலோ எதிரில் ஆடுவது மனிதனா, மனிதனைப் போல இயங்கும் கணினி நிரலா என்பதே புலனாவதில்லை. அந்நிரலைப் 'பொட்' என்பர்.

பிளொக்செயின் என்பது பல கணினிகள் ஒரே கணக்கேட்டைப் பகிர்ந்து காக்கும் முறையாகும். அதில் ஒருமுறை பதிந்ததை ஒருவர் தனித்து மாற்றுதல் அரிது. இம்முறையில் அமைந்த விளையாட்டுகளில் வெல்பவர் பெறும் இலக்கமுறை நாணயத்தைப் பணத்துக்கு விற்கலாம். வியட்நாமிய நிறுவனமாகிய ஸ்கை மேவிஸ் 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்சி இன்பினிற்றி இதற்குத் தக்க சான்று. பெருந்தொற்றுக் காலத்திற் பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் இதனை ஆடி நாட்செலவை ஈடுசெய்தனர். 2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 30 அமெரிக்கச் சதத்துக்கு மேல் விற்ற அதன் நாணயம், மறு ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சதத்திலும் தாழ்ந்தது. செலவாகும் நாணயத்திலும் புதிதாகப் பிறக்கும் நாணயம் மிகுந்ததே முதற் காரணம். உறங்காது ஆடும் நிரல்கள் புகுமிடத்து இக்கேடு மேலும் விரையும். ஒருவருக்கு ஒரு கணக்கே என அந்நிறுவனம் விதித்தது இதனாலேயாம்.

ஏடு பொய்யுரையாதாயின் வஞ்சகம் எங்ஙனம் புகும் எனச் சிலர் வினவலாம். இன்ன கணக்கிலிருந்து இன்ன கணக்குக்கு இவ்வளவு சென்றது என்பதை மட்டுமே ஏடு அறியும். நூறு கணக்குகளுக்கும் உரியவன் ஒருவனா, நூற்றுவரா என்பதை அஃது அறியாது. எனவே, காவல் ஏட்டுக்குப் புறத்தே அமைதல் வேண்டும்.

அக்காவல் மூவகைப்படும். முதலாவது நடத்தையை நோக்கல்: சிறிதும் பிறழாத அசைவும், இரவுபகல் ஓயாத ஆட்டமும், பல கணக்குகளின் வருவாய் ஓரிடத்திற் குவிதலும் ஐயத்துக்கு இடந்தரும். இரண்டாவது ஆட்டத்தைத் திருத்தல்: நாள்வரம்பு விதித்தும், செய்ததையே திரும்பச் செய்தலுக்கன்றித் திறனுக்கே பரிசளித்தும் நிரலாற் பெறும் ஊதியத்தைக் குறைக்கலாம். மூன்றாவது அடையாளச் சான்று கேட்டல்.

இவை குறையற்றன அல்ல. எமது ஓமந்தைப் பகுதியில் உடன்பிறந்தார் மூவர் ஒரு கைப்பேசியைப் பகிர்வது புதுமையன்று. ஒரே கருவியில் மூன்று கணக்குகளைக் காணும் காவற்பொறி, அம்மூவரையும் ஒரு வஞ்சகன் எனத் துணிதல் கூடும். அன்றியும், இடப்பெயர்வில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றையும் இழந்தோர் வாழும் மண் இது. 2002-ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டித் தாம் இன்னார் என நிறுவக் காத்துநின்றதை இங்குள்ளார் மறந்திலர். சான்றில்லாதவன் எல்லாம் கள்வன் அல்லன். சான்றுடையவன் எல்லாம் நேர்மையாளனும் அல்லன்.

ஆகவே, ஒருவரது கணக்கை முடக்குமுன் காரணம் கூறலும், அவர் மறுமொழியைக் கேட்டலும், பொறியின் தீர்ப்பை மனிதர் மீளாய்தலும் வேண்டும். இவ்விளையாட்டில் நாட்டமுள்ள மாணவர், பரிசு எவ்வளவு எனக் கேட்குமுன் இவ்விதிகள் அங்கு உளவா எனக் கேட்பாராக. கள்வனைப் பிடிக்கும் விரைவில் நல்லவனின் உழைப்பைப் பறித்தலும் ஆட்ட நேர்மைக்கு இழுக்கேயாம்.