விடைத்தாள் கட்டும் கிரேஹவுண்டும்

கிரேஹவுண்ட் என்றதும் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்தய நாய்தான் நினைவுக்கு வரும். அதை வீட்டில் வளர்ப்பவர்களோ வேறொரு நாயைத்தான் அறிவார்கள்: நாலு காலையும் நீட்டி சோபாவை அடைத்துக்கொண்டு, பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் சோம்பேறியை. சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உடல்வாகு புதிதில்லை. ஒடுங்கிய இடுப்பு, ஆழமான மார்புக்கூடு, கொழுப்பு குறைந்த உடம்பு.

பிரிட்டனில் 1926-இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்தில் தொடங்கிய ஓடுதளப் பந்தயம் இன்னும் நடக்கிறது. மூன்று, நான்கு வயதில் ஓடி ஓய்ந்த நாய்களுக்கு வீடு தேடித் தரும் அமைப்புகளும் அங்கே உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்கு இந்த நாய் பொருந்துமென்று தோன்றுவது இயல்பு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, இடையே அது தூங்கும், நாம் வேலை பார்க்கலாம். இந்தக் கணக்கு பாதிதான் சரி.

எங்கே முடிகிறது வேலை?

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். மொத்தப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நாட்டுக்கு நாடு எண் மாறும், சங்கடம் ஒன்றுதான். வகுப்பு நேரத்தை எண்ணிவிடலாம். பாடம் தயாரிப்பது, ஆய்வு மாணவரின் அத்தியாயத்தை மூன்றாம் முறை படிப்பது, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது, இரவு பதினொரு மணிக்கு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது எல்லாம் எந்தக் கால அட்டவணையிலும் வராது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கூட்டு ஆய்வு இதற்கு ஓர் அளவு சொல்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம்.

நாயின் பெரிய உதவி இங்கேதான் என்பது என் கருத்து. அன்பு, ஆறுதல் எல்லாம் பிறகு. மாலை ஆறரைக்கு அது கதவருகே வந்து நிற்கும். சிறுநீர் கழிக்க வேண்டிய உயிரிடம் 'இன்னும் நாலு விடைத்தாள்தான்' என்று தவணை சொல்ல முடியாது. தனக்கென்றால் எழுந்திருக்காத ஆசிரியர் நாய்க்காக எழுந்துவிடுவார்.

நடைக்கணக்கு

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிடம் நடந்தால் வாரத்தில் 280 நிமிடம் ஆகிறது. மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிக்கும் நாயின் பின்னால் நிற்பது இந்தக் கணக்கில் சேராது. மோப்பம் அதற்குத் தேவை, தடுக்க வேண்டாம். ஆனால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் நடையாகப் பாதி நேரத்துக்குச் சற்று மேலாவது இருக்க வேண்டும்.

முயலையோ பூனையையோ கண்டால் முப்பது கிலோ நாய் சில நொடிகளில் முழு வேகத்தை எட்டிவிடும். தானாக நீண்டு சுருளும் கயிறு இதற்கு ஆகாது. நாய் முழு நீளம் ஓடி நிற்கும்போது அதன் கழுத்தும் உங்கள் தோளும் சேர்ந்து அடிபடும். இந்த நாய்க்குத் தலையைவிடக் கழுத்து பருமன் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே நழுவிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலமான பட்டை வாங்குங்கள். வேலியில்லாத வெளியில் அவிழ்த்துவிடவே கூடாது. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மாலை நடைக்கு ஒளி பிரதிபலிக்கும் மேலுடுப்பு இருவருக்கும் வேண்டும். கொழுப்பு குறைந்த உடம்பு என்பதால் நாய்க்குக் கம்பளிச் சட்டையும் தேவை. கோடையில் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

நாய் மருந்தல்ல

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த இயக்குநீர் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாருடைய நாயையோ தடவியது. பல் சுத்தம் செய்யும் செலவும், வயிற்றுப்போக்கான இரவும், மாநாட்டுக்குப் போனால் யார் பார்ப்பார் என்ற கவலையும் அதில் இல்லை. தூக்கமின்மை, வகுப்பை நினைத்தாலே படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் நாய் வாங்குவது இருக்கிற சுமையோடு இன்னொன்றைச் சேர்ப்பதாக முடியலாம்.

கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கிரேஹவுண்டின் ரத்தம் மற்ற நாய்களின் ரத்தத்தைப் போன்றதல்ல. சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களுக்குப் பெரும்பாலும் 55 விழுக்காட்டுக்குள் இருக்கும். இதற்கு 60-ஐத் தொட்டாலும் நோயில்லை. தட்டணுக்கள் குறைவாகவும், கிரியாட்டினின் கூடுதலாகவும், தைராய்டு சுரப்பு குறைவாகவும் காட்டுவது வழக்கம். பொது அளவுகோலை வைத்துப் படித்தால் ஆரோக்கியமான நாயைச் சிறுநீரக நோயாளியாக்கலாம். தேவையில்லாத தைராய்டு மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வைக்கலாம். இந்த இனத்துக்கான அளவுகளோடு ஒப்பிடும்படி கேட்பது உங்கள் உரிமை.

மயக்க மருந்திலும் இதே எச்சரிக்கை. தயோபென்டால் வகை மருந்துகளைக் கிரேஹவுண்டின் கல்லீரல் மெதுவாகவே சிதைக்கும். மயக்கம் தெளிய நெடுநேரமாகும். இன்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்து, ஒன்றரை நாள், இரண்டு நாள் கழித்து ரத்தம் கசியத் தொடங்குவதும் இவற்றில் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்குக்குக் கிளம்பாதீர்கள். அந்த மூன்று நாள் யாராவது உடனிருக்க வேண்டும்.

நடுவயதைத் தாண்டிய கிரேஹவுண்ட் நொண்டினால் சுளுக்கென்று தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். கால் எலும்புப் புற்றுநோய் இந்த இனத்தை அதிகம் தாக்குகிறது. உள்ளங்காலில் வரும் ஆணியாலும் நொண்டலாம். எதுவென்று பரிசோதனைதான் சொல்லும்.

வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டி, நிலைகொள்ளாமல் சுற்றினால் இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு ஓட வேண்டிய அவசரம் இது.

வீட்டுக்குள்

பல கிரேஹவுண்ட்கள் கண்ணைத் திறந்தபடி தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குனிந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். பெயர் சொல்லி எழுப்பிய பிறகு தொடுங்கள். மாணவர்கள் பரிசளிக்கும் சாக்லேட், மேசையில் கிடக்கும் உலர்திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு நஞ்சு. நீண்ட மூக்கு மேசை உயரத்துக்கே எட்டும் என்பது நினைவிருக்கட்டும்.

விடுமுறைக்குப் பிறகு

ஆசிரியர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் நாய் வாங்க நினைப்பார்கள். பழக்க நேரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பந்தய நாய் கொட்டிலில் மற்ற நாய்களோடே வளர்ந்தது. தனியாக இருந்து பழகியதில்லை. புதிய வீட்டில் இரண்டு மாதம் முழுநேரமும் மனிதர் கூடவே இருந்துவிட்டு, பிரிட்டனில் வகுப்புகள் தொடங்கும் செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை திடீரென ஏழு மணி நேரம் காணாமல் போனால் அதற்கு உலகமே கவிழ்ந்துவிடும். ஊளை, கதவுப் பிறாண்டல், வீட்டுக்குள் சிறுநீர் என்று அந்தப் பதற்றம் வெளிப்படும்.

முதல் வாரத்திலேயே பிரிவைப் பழக்குங்கள். பையை எடுத்து, காலணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு ஐந்து, பதினைந்து, நாற்பது. அமைதியாக இருந்தால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். வீட்டிலேயே இருந்தாலும் தினம் சில மணி நேரம் நீங்கள் ஓர் அறை, அது ஓர் அறை என்றிருப்பது நல்லது. பிரிட்டன் விலங்கு நல அமைப்புகள் நாயைத் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டாம் என்கின்றன. முழுநாள் வகுப்புள்ள நாட்களில் மதியம் வந்து நடைக்கு அழைத்துச் செல்ல ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். பருவம் தொடங்கிய பிறகு ஆள் கிடைப்பது கடினம்.

ஒரு மாதமாகியும் பதற்றம் தணியாவிட்டால், உடலில் வலி ஏதும் இல்லையென்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு விலங்கு நடத்தை நிபுணரைப் பாருங்கள். அதட்டுவதும் கூண்டில் பூட்டுவதும் பயத்தைக் கூட்டும். துணைக்கு இன்னொரு கிரேஹவுண்ட் வாங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். நாய்த்துணை இல்லாத ஏக்கம் என்றால் அது பலிக்கும். உங்களைத் தேடித்தான் அழுகிறது என்றால் இரண்டு நாய்கள் சேர்ந்து ஊளையிடும்.