காலுக்குப் பொருத்தம் பார்ப்பது

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பைக்கில் போன மச்சானின் காலில் லாரிச் சக்கரம் ஏறிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரத்துல காலை எடுத்தாகணும்னு சொல்லிப்போட்டாங்க. ஏனுங்க, இதுக்குக் கணக்கு ஏதாவது இருக்குதுங்களா, இல்ல வாய்க்கு வந்ததுதானா?"

கணக்கு இருக்கிறது. அதைப் போட்டதும் நம் ஊரில்தான். கோவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் கங்கா மருத்துவமனையின் பெயரிலேயே அது எலும்பு மருத்துவ நூல்களில் வழங்குகிறது. ஏஐ வந்து மருத்துவத்தின் தரத்தை ஏற்றும், செலவை இறக்கும் என்று வாரம் ஒரு அறிவிப்பு வருகிறது, வரட்டும். இந்தக் கணக்குக்குக் கரண்ட்கூட வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

எலும்பு முறிந்து, புண் வழியாக வெளிக்காற்றைப் பார்த்துவிட்ட கால் மேசைக்கு வருகிறது. அதை மூன்றாகப் பிரித்து மார்க் போடுகிறார்கள். மேலே மூடும் தோல், உள்ளே தாங்கும் எலும்பு, அசைக்கும் தசை-நரம்பு; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. தோல் கிழிந்திருக்கிறது ஆனால் எதுவும் காணாமல் போகவில்லை என்றால் 1 அல்லது 2. காலைச் சுற்றி முழு வட்டமாகத் தோல் போய்விட்டால் 5. எலும்பு நேராக முறிந்தால் 1, நாலு சென்டிமீட்டருக்கு மேல் துண்டே இல்லாமல் போனால் 5. இதற்கு மேல் ஏழு உபத்திரவங்கள், இருந்தால் தலைக்கு 2: வயது 65-ஐத் தாண்டியது, மருந்து சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கியது, புண்ணில் சாக்கடையோ தொழுவத்து மண்ணோ, சுத்தம் செய்ய 12 மணி நேரம் தாண்டியது, உடம்பில் வேறு பெரிய காயங்கள், அதே காலில் இன்னொரு பலத்த அடி. மொத்தம் 29.

கல்யாணப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான், மார்க் கூடக்கூடக் கெட்டது என்பதுதான் வித்தியாசம். தினம், கணம், யோனி என்று தனித்தனியாகப் பார்ப்பதுபோல் தோல், எலும்பு, தசை. தோஷங்கள் தனிக் கணக்கு. ஜோசியர் மொத்தத்தைச் சொன்னதும் பெரியவர்கள் எழுந்துவிடுவதில்லை, "ரஜ்ஜு எப்படிங்க?" என்று ஒன்றை மட்டும் தனியாகக் கேட்பார்கள். இந்தக் கணக்கின் அழகும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தோல் 1, எலும்பு 5, தசை 3. மற்றதில் தோல் 5, எலும்பு 2, தசை 2. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 9, இரண்டுமே காப்பாற்றக்கூடிய கால்கள். ஆனால் முதல் காலைத் தைத்து மூடிவிட்டு, எலும்பை வளர்க்கும் வேலையை நிதானமாகப் பார்க்கலாம். இரண்டாவது காலுக்கு எலும்பு டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. முறிந்த எலும்புக்கு ரத்தம் கொடுப்பதில் சுற்றியுள்ள தசைக்குப் பெரிய பங்கு உண்டு. மூடாமல் விட்ட எலும்பு காய்ந்து செத்துப்போகும், சீழ் பிடிக்கும். பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: காற்றில் சாய்ந்த தென்னங்கன்றுக்குக் கம்பு நட்டுக் கட்டினால் நிற்கும், வேருக்கு மண் அணைக்காவிட்டால் பிழைக்காது. எலும்பு டாக்டர் கட்டுவது கம்பு. மண் அணைப்பவர் பிளாஸ்டிக் சர்ஜன். மொத்த மார்க் காலை வைப்பதா எடுப்பதா என்கிறது. தோலின் மார்க் யாருக்கு, எப்போது போன் அடிப்பது என்கிறது.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். 1976-இல் அமெரிக்காவில் குஸ்டிலோவும் ஆண்டர்சனும் திறந்த முறிவுகளை வகைப்படுத்தினார்கள். 1984-இல் அதன் மூன்றாம் வகை ஏ (எலும்பை மூடத் தோலும் தசையும் மிஞ்சியிருப்பது), பி (மிஞ்சாதது), சி (ரத்தக்குழாய் அறுந்தது) என்று பிரிக்கப்பட்டது. அப்போதும் எளிதில் காப்பாற்றக்கூடிய கால் முதல் தொங்கும் கால் வரை மூன்று-பிக்குள் ஒரே மூட்டையாகக் கிடந்தது. 1986-இல் மார்கோ கோடினா என்ற யூகோஸ்லாவிய மருத்துவர், 72 மணி நேரத்துக்குள் வேறிடத்துத் தசையை எடுத்து மூடினால் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறையும் என்று 532 நோயாளிகளை வைத்துக் காட்டினார். 1990-இல் 'மெஸ்' என்ற மார்க் வந்தது, அது ரத்தக்குழாயைப் பெரிதாகப் பார்த்தது, தோலைத் தனியாகப் பார்க்கவில்லை. போதும்.

கங்காவில் ஒரு தற்செயல் சௌகரியம் இருந்தது. 1978-இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய மருத்துவமனை அது. மகன்களில் எஸ். ராஜசேகரன் எலும்பு, எஸ். ராஜா சபாபதி பிளாஸ்டிக் சர்ஜரி. மற்ற ஊர்களில் இரண்டு துறைகளுக்கு நடுவே கடிதப் போக்குவரத்து நடக்கும், இங்கே அண்ணன் தம்பி. 2006-இல் 109 கால்களை வைத்து ஒரு கட்டுரையில் இந்த மார்க்கை வெளியிட்டார்கள். 42 மூன்று-ஏ, 67 மூன்று-பி. ரத்தக்குழாய் அறுந்த மூன்று-சி இந்தக் கணக்கில் இல்லை.

அந்தக் கட்டுரையில், கணிப்பு எவ்வளவு சரி என்பதன் ஓர் அளவான குறிப்புத்தன்மை (ஸ்பெசிஃபிசிட்டி) மெஸ்ஸுக்கு 17 சதவீதம், இவர்களுக்கு 100. நூற்றுக்கு நூறு என்று பார்த்தாலே எனக்கு உதறும். சொந்த ஆஸ்பத்திரி, சொந்த நோயாளிகள், சொந்தக் கேள்வித்தாள். அப்போது 14 என்று ஒரே கோடு போட்டிருந்தார்கள். பின்னர் அவர்களே அதைத் தளர்த்தி, 14 வரை காப்பாற்றலாம், 17-இலிருந்து எடுப்பது நல்லது, 15-உம் 16-உம் இரண்டுங்கெட்டான் என்றார்கள். இந்தத் திருத்தம்தான் எனக்கு அந்த நூறைவிட நம்பிக்கை தருகிறது.

செலவைப் பலனோடு சேர்க்காமல் தனியாகப் பார்த்தால் புரியாது. 2009-இல் இன்னொரு கட்டுரை: தோல் போகாத, மொத்த மார்க் குறைந்த 173 பேருக்கு முதல் நாளே சுத்தம் செய்து தைத்து மூடினார்கள். அஞ்சு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பார்த்ததில் 150 பேருக்கு மிக நல்ல பலன். எல்லாப் புண்ணையும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும் என்ற பழைய பாடத்தின்படி போயிருந்தால் இவர்களுக்கு இன்னும் எத்தனை முறை மயக்கமருந்து, எத்தனை நாள் படுக்கை? மறுபக்கம், 18 மார்க் காலை வைத்துக்கொண்டு எட்டு மாசம் போராடி, தோட்டத்தை விற்று, கடைசியில் எடுக்கிற கதை. இதைப் பார்க்காத ஊர் கொங்கில் குறைவு.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை 1 லட்சம் வரை ஏற்றது. கோடினாவின் 72 மணிக்குள் அது அடங்குகிறது. அந்த 48 மணிக்குள் பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்தாரா என்பதுதான் வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டியது.

இனி அந்த 15, 16. இங்கே கூட்டல் கைவிரித்துவிடுகிறது. நோயாளி டிரைவரா, உட்கார்ந்து தையல் மெஷின் மிதிப்பவரா, ஒரு வருஷம் வேலைக்குப் போகாவிட்டால் வீடு தாங்குமா என்பதெல்லாம் அப்போது மேசைக்கு வருகிறது. பத்தும் பார்த்த பிறகு தாய்மாமன் ஒரு தரம் பையனை நேரில் பார்த்துவிட்டு வருவதுபோல.

பல்லடத்து வாசகருக்குப் பதில் போட்டுவிட்டேன். மச்சானின் கேஸ் ஷீட்டை வாங்கி, மார்க் ஏதாவது எழுதியிருக்கிறதா, தோலுக்கு எத்தனை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.