வீட்டில் ஒரு வீரர்

நேயர்களில் பலருடைய வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். வெகு சிலருடைய வீட்டில்தான் வீரர்கள் இருப்பார்கள். நம் வீட்டில் ஒரு வீரர் இருக்கிறார், வயது ஒன்பது. இடது புருவத்தில் மூன்று தையல், முழங்காலில் ஒரு நீண்ட வடு, முன்பல்லில் கால் பாகம் நஷ்டம் – இவை அவர் இதுகாறும் பெற்ற விருதுகள். தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றால் கோயில் கோபுரம் தெரியுமா என்பது போன்ற சந்தேகங்களை அவர் யாரிடமும் கேட்பதில்லை. ஏறிப் பார்த்துவிடுவார்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அவர் கொல்லையிலிருந்த முருங்கை மரத்தில் ஏறினார். மரங்களுக்குள் முருங்கையைப் போல் நம்பிக்கைத் துரோகம் செய்வது வேறொன்றில்லை. பார்வைக்குப் பருத்த கொம்பாயிருக்கும். காலை வைத்தால் வெள்ளரிப் பிஞ்சு போல் முறியும். வேதாளம் முருங்கை மரத்தில் ஏறியது என்றால், வேதாளத்துக்கு எடையில்லை என்பதே அதன் தாத்பரியமாயிருக்க வேண்டும். நம் வீரருக்கு எடை இருந்தது. விழுந்தார், வலது கையை ஊன்றினார், மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை வளைந்துவிட்டது.

நாம் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டை மூன்று முறை சுற்றி வந்தோம். நமது சகதர்மிணியோ, பழைய பஞ்சாங்கத்தை மடித்து முன்கைக்கு அணை கொடுத்து, துண்டினால் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டி, பையனை வண்டியில் ஏற்றிவிட்டாள். "இழுத்து இறுக்கி ஒரு கட்டுப் போட்டால் சரியாய்ப் போகும்" என்று நமது தாயார் சொல்லிக்கொண்டே வந்தார்.

எலும்பு வைத்தியர் படத்தைக் காட்டி விளக்கினார். பெரியவர்களின் எலும்பு காய்ந்த சுள்ளி. சிறுவர்களின் எலும்பு பச்சை வேப்பங்குச்சி. வளைத்தால் ஒரு புறம் விரியும். மறு புறம் வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கூடுவதும் விரைவு. ஆனால் இறுக்கிக் கட்டுவது பற்றிப் பாட்டியம்மாளிடம் அவர் கண்டிப்பாகவே பேசினார். கட்டு மிக இறுகினால் இரத்த ஓட்டம் நின்று தசை செத்து, கை நிரந்தரமாக மடங்கிப் போகும். இதை ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-லேயே எழுதி வைத்திருக்கிறார். விரல் நுனி நீலம் பாரித்தாலும், சில்லிட்டாலும், மரத்துப் போனாலும், வலி மேன்மேலும் ஏறினாலும் நடுநிசியானாலும் உடனே வர வேண்டும் என்றார். அன்றிரவு விடிய விடிய விரல்களைத் தொட்டுப் பார்த்தவர் நமது தாயார்தான்.

மாவுக்கட்டு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் வீட்டில் ஓயாத விவாதம். முருங்கையை வெட்டிக் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது தாயாரின் கட்சி; நாமும் அதில் சேர்ந்தோம். "வெட்டுங்கள். அடுத்த வீட்டு மரத்தை என்ன செய்வீர்கள்?" என்றாள் சகதர்மிணி.

டென்மார்க்கு தேசத்தில் சோரன்சென் என்ற தோட்டக் கலைஞர் ஒருவர் இருந்தார். தாம் அமைத்த அழகான விளையாட்டிடங்களைவிட, வீடு கட்டும் இடத்துப் பலகைக் குவியல்களையே பிள்ளைகள் விரும்புவதை அவர் கண்டார். அவருடைய யோசனைப்படி 1943-ல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனில் எம்ட்ரூப் என்னுமிடத்தில் ஒரு மைதானம் திறக்கப்பட்டது. சாமான்கள்: பழைய பலகை, செங்கல், கயிறு. ஆனால் மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவரும் இருந்தார். இந்தக் கடைசி அம்சத்தை நாம் சகதர்மிணிக்குச் சற்று அழுத்தியே சொன்னோம். "நானும் அதைத்தானே சொல்கிறேன்!" என்றாள்.

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரு முறை தவறினாலும் மீள முடியாத அபாயங்களுக்கு அனுமதி கிடையாது. நீச்சல் பழகி முடியும் வரை கிணற்றடிக்கும் ஏரிக்கும் தனியே போகக் கூடாது. தெருவில் ஓடும் பந்துக்குப் பின்னால் ஓடக் கூடாது. வீட்டிலுள்ள பொத்தான் பாட்டரிகள் யாவும் பூட்டுக்குள் போயின. தங்கை ஒன்றை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் குழாயைப் புண்ணாக்கிவிடும். மரம் ஏறலாம், முருங்கையில் மட்டும் கூடாது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை மாமரத்தடியில் பாடம் நடந்தது. இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். பாரத்தைப் போடுமுன் கொம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். இறங்க வழி தெரிந்த மட்டுமே ஏற வேண்டும். தாயார் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "பார்த்து! பார்த்து!" என்று கத்த வாயெடுத்த நம்மைச் சகதர்மிணி கண்ணால் அடக்கினாள்.

பட்டுப்போன ஒரு கொம்பை அவர் அழுத்திப் பார்த்தார். சற்று யோசித்து வேறு கொம்புக்கு மாறினார். பிறகு இலைகளுக்குள் மறைந்துவிட்டார். வெகு நேரம் சத்தமே இல்லை.

"அம்மா! கோபுரம் தெரிகிறது!"

"சரி, இறங்கி வா!" என்றாள் அவள், அடுப்பங்கரையிலிருந்து பேசுவது போன்ற குரலில்.

அப்போதுதான் கவனித்தோம், நமது இரண்டு கைகளும் அடிமரத்தைக் கெட்டியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.