லண்டன் முகம், தாமிரபரணிக் கால்கள்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ், தாமிரபரணியை ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடும். 1843-க்கு முன் இங்கே படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. 1840-ல் கலெக்டர் ஈ.பி.தாமஸ் பாலம் கட்ட முனைந்தார். வடிவமைத்தவர் ஹார்ஸ்லி. செலவு அரை லட்சம் ரூபாய் அளவில். அதைத் தன் கைக்காசில் ஏற்றவர் கலெக்டர் அலுவலக சிரஸ்தார் சுலோசன முதலியார். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது.

ஹார்ஸ்லிக்கு மாதிரி, தேம்ஸ் நதி மேல் ஜான் ரென்னி கட்டி 1817-ல் திறந்த வாட்டர்லூ பாலம். அதற்கு 120 அடி அகலத்தில் 9 கண்கள். இதற்கு 60 அடியில் 11 கண்கள். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றுக்குள் இறங்கி நின்று பாருங்கள். கண்ணுக்குக் கண் நடுவே, ஜோடி ஜோடியாக உருண்டைத் தூண்கள் ஒட்டி நிற்கும். அது வாட்டர்லூவின் சாயல். அவை பெரும்பாலும் அழகுக்குத்தான். பாரம் சுமப்பது அவற்றின் பின்னால் இருக்கும் பருத்த தூண்.

சிமெண்ட் புழங்காத காலம் அது, சுண்ணாம்புச் சாந்துதான். வளைவில் உள்ள ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை நெருக்கும். மேலே பாரம் ஏற ஏற இறுக்கம் கூடும். ஆனால் வளைவு கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை அடுத்த கண்ணின் எதிர்த் தள்ளல் சமன்செய்கிறது. பாலத்தின் மொத்த நீளம் 760 அடி. கண்களுக்கு 660 போக மிச்சம் 100 அடி தூண்களுக்கும் ஓரங்களுக்கும். ஒரு கண் விழுந்தால் பக்கத்துத் தூண் ஒருபுறமாகத் தள்ளப்படும். 1869 வெள்ளம் சில கண்களை அடித்துப்போனபோது, சீர்செய்யாமல் விட முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட பாலத்துக்கு எமன் மேலே ஓடும் வண்டியல்ல, அடியில் மண்ணை அரிக்கும் தண்ணீர். லண்டனில் பழைய பாலம் ஒன்றை எடுத்ததும் தேம்ஸின் வேகம் கூடி, வாட்டர்லூவின் அடித்தளம் அரிக்கப்பட்டது. 1920-களில் தூண் இறங்கியது, 1930-களில் இடித்துவிட்டார்கள். அதன் பிள்ளையோ பின்னாளில் அகலப்படுத்தப்பட்டு, 1992, 2023 வெள்ளங்களையும் பார்த்து, இன்றும் பஸ் சுமக்கிறது. ஆற்று மணல் போனால் அதன் கால்களும் பலவீனப்படும் என்பதைத்தான் நாம் மறக்கக் கூடாது.