சூரிய ஒளியால் ஜலத்தினின்று ஜலவாயு எடுத்தல்

பல்லடத்திற்கும் காங்கேயத்திற்கும் இடையே, திருப்பூர்ச் சாலை வந்து கூடுமிடத்தில் உள்ளது அவிநாசிபாளையம். மழை குறைந்த இச்சீமையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அவ்வெயிலைக் கொண்டு ஜலத்தைப் பிளந்து, ஹைட்ரஜன் என்னும் ஜலவாயுவை எடுக்கும் முறையைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம். யூரியாவுக்கு மூலமாகிய அமோனியா, ஜலவாயுவையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் சேர்த்தே செய்யப்படுகிறது. இந்நாட்டு உரத் தொழிற்சாலைகள் அந்த ஜலவாயுவைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவினின்று எடுக்கின்றன. அவ்வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருவது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு 4½ கிலோ ஜலவாயு வேண்டும். அதனைத் தரும் ஜலமோ கணக்கின்படி சுமார் 40 லிட்டர்தான்.

1972ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஃபுஜிஷிமா, ஹோண்டா என்னும் இருவர், ஜலத்தில் அமிழ்த்திய டைட்டானியம் டை ஆக்ஸைடின்மேல் ஒளி பட்டால் ஜலம் பிரிகின்றது என்று வெளியிட்டனர். இது வெள்ளைப் பெயிண்டில் சேரும் சாதாரணப் பொருளே. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து இதனைச் செய்யலாம். ஆனால் இது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணத்தை மட்டுமே ஏற்கும். வெயிலில் அக்கிரணம் நூற்றுக்கு ஐந்து பங்களவே உண்டு.

இக்குறையை நீக்கவே வேற்றுப் பொருளைச் சிறிதளவு கலக்கின்றனர். அணிகலனுக்குப் பொன்னில் செம்பு சேர்ப்பதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்வதை 2001இல் கண்டனர். துகளை மிக நுண்ணியதாக்குவதும் காரணத்தோடுதான். ஒளியால் எழும் மின்னேற்றங்கள் உள்ளேயே கூடி அழிந்து போகாமல் மேற்பரப்பை அடைந்து ஜலத்தைத் தொடவேண்டும். துகள் பெரிதாயின் வழி நீளும்.

2021இல் ஜப்பானில் டோமென் என்பாரும் கூட்டாளிகளும், அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டைப் பரப்பிய 100 சதுர மீட்டர்ப் பலகைகளை வெட்டவெளியில் வைத்துச் சோதித்த விவரத்தை வெளியிட்டனர். அப்பரப்பு ஏறக்குறைய இரண்டரை சென்ட். விழுந்த சூரிய சக்தியில் ஜலவாயுவாக மாறியது உச்ச அளவில் நூற்றுக்கு 0.76 பங்கு. கொங்கு நாட்டு வெயிலுக்குக் கணக்கிட்டால், ஒரு மூட்டை யூரியாவுக்கான ஜலவாயுவைச் சேர்க்க அந்த இரண்டரை சென்ட் நாற்பது நாள் உழைக்க வேண்டும். அதே இடத்தில் சூரிய மின்பலகை பதித்து, மின்சாரத்தால் ஜலத்தைப் பிளந்தால் மூன்று நாளளவில் முடியும். மத்திய அரசு 2023 ஜனவரியில் ரூ. 19,744 கோடிக்கு அங்கீகரித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் மின்பகுப்புக் கருவிகளுக்கு ஊக்கத்தொகை அளிப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். பலகை முறையில் பிராணவாயுவும் ஜலவாயுவும் கலந்தே வெளிப்படுகின்றன; சிறு பொறி பட்டாலும் வெடிக்கும் அக்கலவை கிராமத்தில் வைத்தாளத் தக்கதன்று.

இதே துகள்களைச் சாயக்கழிவு நீரில் இட்டால் சாயமும் சிதையும், ஜலவாயுவும் கிடைக்கும் என்று சிலர் கூறுவர். சாயம் சிதைவது உண்மையே. ஆயினும் அடர்ந்த நிறமுள்ள நீரில் ஒளி ஆழ இறங்காது. மேலும், நொய்யல் பாசன நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்ததில் பெரும்பங்கு நீரில் கரைந்த உப்பினுடையது. நிறம் நீங்கினும் உப்பு அப்படியே நிற்கும். 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும் அந்த உப்பு நீரே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், சவ்வு வடிகட்டியாலும் கொதிகலனாலும் உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு நிலைபெற்றது. நிறம் போய்விட்டது என்ற காரணத்தால் மட்டும் அத்தகைய நீரை வாய்க்காலில் விட எவரேனும் அனுமதி கேட்டால், கிராம அதிகாரிகள் உப்பின் அளவைச் சோதித்த சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.