வயலில் விமானம் இறங்கினால் மண்ணை மிதிக்காதீர்கள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி வயலுக்குள் கவிழ்ந்தால் நடப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கூட்டம் பயிரை மிதிக்கும். வண்டிக்காரர் சில நோட்டுகளைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார். விவசாயிகள் மறுவாரமே வயலை உழுதுவிட்டு, அப்புறம் நஷ்டஈடு கேட்டு அலைவார்கள். காட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. விமானம் இறங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

2025 நவம்பரில் சேலத்துப் பயிற்சி விமானம் ஒன்று திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அடுத்தது பெரம்பலூர் மக்காச்சோளக் கொல்லையாக இருக்கலாம்.

சின்ன விமானங்களுக்குத் தரை தொடும் நேரம்தான் கண்டம். வால்சக்கர விமானத்துக்கு இன்னும் மோசம். 1958இல் முதன்முதலாகப் பறந்து, நம் ஃபிளையிங் கிளப்புகளில் பலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த புஷ்பக் அந்த வகை. பெரிய சக்கரங்கள் முன்னால், பாரம் அவற்றுக்குப் பின்னால். பக்கக்காற்றில் வால் கொஞ்சம் விலகினாலும் பின்பாரம் அதை மேலும் தள்ளும். விமானம் தரையிலேயே சுழன்று இறக்கை உரசும், சக்கரக்கால் முறியும். கிரவுண்ட் லூப் என்பார்கள். எங்கே தொட்டது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மண்ணில் பதிந்த சக்கரத்தடம் சொல்லும். செல்போனோடு ஓடிவரும் நூறு கால்கள் அதை அழித்துவிடும்.

முதலில் உயிர். 112க்கு அழையுங்கள், அடிபட்டவரை மீட்க உதவுங்கள். பெரும்பாலும் இறக்கைக்குள்தான் பெட்ரோல் இருக்கும், பீடி பற்றவைக்காதீர்கள். நின்றுபோன விசிறியையும் தொடாதீர்கள், அசைத்தால் எஞ்சின் உதைக்கலாம். ஆளை மீட்கவும் தீயை அணைக்கவும் ஆபத்தை நீக்கவும் தவிர, சிதைவை அசைக்கக் கூடாது என்பது விதி. விபத்தை விசாரிக்கும் பிரிவு டெல்லி சஃப்தர்ஜங்கில், உடான் பவனில் இருக்கிறது. அவர்கள் வந்துசேரும்வரை கயிறு கட்டிக் காக்க வேண்டியது உள்ளூர் போலீஸ். போலீஸே படம் எடுத்துக்கொண்டு நின்றால் மக்களை யார் தடுப்பது?

பயிர் உங்களுடையது என்றால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். விமானத்தின் மேல் 'விடி' என்று தொடங்கும் பதிவெழுத்துகளைத் தள்ளி நின்று குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வி.ஏ.ஓ.வை வயலுக்கே வரச்சொல்லுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் மனுவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிட்டா, அடங்கல் நகல் வேண்டும். அடங்கலில் இந்தப் போகத்துப் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு ஏறியிருப்பதில்லை. மக்காச்சோளம், பருத்திச் சேதத்துக்கு வேளாண்மைத் துறையிடமும், சின்ன வெங்காயம், முந்திரிக்குத் தோட்டக்கலைத் துறையிடமும் மதிப்பீடு கேளுங்கள். பயிற்சிப் பள்ளிக்குச் சேர்ந்த அத்தாட்சி கேட்டு, ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து கடிதம் அனுப்புங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள்.

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் நாளைக் கடத்தாதீர்கள். விமானம் மோட்டார் வாகனம் அல்ல. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு இலவசம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அந்த வரம்பும் கிடையாது.

விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது அடுத்த விபத்தைத் தடுக்க எழுதப்படுவது, உங்கள் நஷ்டத்தைக் கணக்கிடாது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மதிப்பீடு கையில் வரும்வரை வயலை உழாதீர்கள்.